கத்திரி வெயிலில் சைக்கிள் பயணம்: பெங்களூர் உடம்பு வேலூர் வெயிலைத் தாங்குமா?

வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா. பெங்களூரில் வேலை பார்க்கும் அந்தப் பக்கத்துக்காரர்கள் எப்பாடு பட்டாவது லீவு வாங்கிக்கொண்டு கிளம்பும் நேரம் அது. ரெயிலில் இடம் கிடைக்காது. பஸ்சில் நிற்க இடம் கிடைத்தால் பெரிய காரியம்.

இந்த நெரிசலுக்கு நடுவே, "நாங்கள் சைக்கிளிலேயே போய்விடுகிறோம்" என்று கிளம்பும் கோஷ்டியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓசூர் ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். விலை உயர்ந்த கியர் சைக்கிளில் பறப்பவர்கள் ஒரு பக்கம். கேரியரில் டிபன் பாக்சைக் கட்டிக்கொண்டு சாதாரண சைக்கிளில் மிதிப்பவர்கள் மறு பக்கம். தூரப் பயணத்தின் ருசி இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான்.

பெங்களூரில் இருந்து கிருஷ்ணகிரி வழியாக வேலூர் சுமார் 210 கிலோமீட்டர். மலைக்க வேண்டாம். நீண்ட தூர சைக்கிள் பயணத்துக்கு பிரான்ஸ் நாட்டில் உருவான 'பிரெவே' என்ற முறை ஒன்று இருக்கிறது. பந்தயம் அல்ல, குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். அதில் 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரமும், 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரமும் தருகிறார்கள். டீ குடிக்கிற நேரம், பஞ்சர் ஒட்டுகிற நேரம் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்தான் கணக்கு. பீன்யாவுக்கோ பொம்மனஹள்ளிக்கோ தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு இந்த வேகம் புதிது அல்ல. இரண்டு மூன்று மாதம் ஞாயிறுதோறும் 40, 60, 80, 100 என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கால்கள் தயாராகிவிடும்.

ஆபத்து தூரத்தில் இல்லை. தேதியில் இருக்கிறது! வைகாசி முதல் தேதி என்றால் மே மாத நடு. அக்கினி நட்சத்திரம் நடுவில் நிற்கும் நாள்.

இறங்க இறங்க சூடு

பெங்களூர் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர் இருப்பது 200 மீட்டரை ஒட்டி. ஓசூர் வரை மேட்டு நிலம். சூளகிரி தாண்டி கிருஷ்ணகிரிக்கு வருவதற்குள் நானூறு மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறோம். பிறகு பர்கூர், நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் என்று பாலாற்றங்கரைச் சமவெளிக்கு வந்து சேர்கிறோம். ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால் சராசரியாக ஆறரை டிகிரி உஷ்ணம் கூடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதன்படி உயர வித்தியாசத்துக்கு மட்டுமே நான்கைந்து டிகிரி ஆகிறது.

பெங்களூரிலும் வெயில் இல்லாமல் இல்லை. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி வரை போனது. ஆனால் அது செய்தித்தாளில் முதல் பக்கத்தில் போடுகிற விஷயம். வேலூரில் மே மாதத்தில் 40 டிகிரி என்றால் டீக்கடையில்கூட யாரும் பேச மாட்டார்கள்.

இங்கேதான் சைக்கிள்காரர் ஏமாறுகிறார். காலை நான்கு மணிக்குக் குளிரில் கிளம்புகிறார். ஓசூரில் இட்லி. சூளகிரி இறக்கத்தில் பெடலை மிதிக்காமலே வண்டி ஓடுகிறது. முகத்தில் காற்று அடிக்கிறது. "இவ்வளவு சுலபமா!" என்று நினைக்கிறார். பத்து மணி சுமாருக்குக் கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது இறக்கம் முடிந்து, குளிர்ச்சி போய், வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருக்கும். இன்னும் நூற்றிருபது கிலோமீட்டர் பாக்கி.

நம் உடம்பு ஒரு மட்டமான இஞ்சின் என்றே சொல்ல வேண்டும். சாப்பாட்டில் இருந்து எடுக்கும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மற்ற மூன்று பங்கும் உஷ்ணமாக மாறி உடம்புக்குள்ளேயே நிற்கிறது. அதை வெளியே தள்ளியாக வேண்டும். காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை அது கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். தோலின் உஷ்ணம் 35 டிகிரி சுமார். காற்று அதற்கு மேல் போய்விட்டால் சூட்டை வாங்குவதற்குப் பதில் கொடுக்க ஆரம்பித்துவிடும்! அப்போது மிஞ்சி நிற்கும் ஒரே வழி வியர்வை. அதுவும் வழிந்து ஓடினால் பிரயோசனம் இல்லை. ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோகலோரி அளவு உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகும்.

பின்காற்று விஷயத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். மேற்கில் இருந்து காற்று வீசினால் வேலூர் பக்கம் போகிறவரைத் தள்ளிக்கொண்டு போகும். எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் காற்றும் நாமும் ஒரே வேகத்தில் போனால் உடம்பின் மேல் காற்றே படாது. வியர்வை சட்டையோடு ஒட்டி நிற்கும். மேட்டில் மெதுவாக ஏறும்போதும் இதே கதைதான். அதனால் பின்காற்றில் வேகத்தைக் கூட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

தங்கச் சுரங்கம் கற்றுக்கொடுத்தது

உடம்பை வெயிலுக்குப் பழக்க முடியுமா? முடியும். அது சைக்கிள் வீரர்கள் கண்டுபிடித்த விஷயம் அல்ல. பாடுபட்ட தொழிலாளிகளின் உயிரைக் கொடுத்துக் கற்ற விஷயம்.

கோலார் தங்கவயலைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய வட ஆற்காடு ஜில்லாவில் இருந்து அங்கே போய் மூன்று தலைமுறை சுரங்கத்தில் இறங்கிய குடும்பங்கள் எத்தனையோ. 2001-ல் மூடப்பட்ட அந்தச் சுரங்கங்களில் சாம்பியன் ரீப் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. அவ்வளவு கீழே போனால் பாறையே சுடும். காற்றைக் குளிர வைத்து உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது.

அதேபோல ஆழமான தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1920-களில் தொழிலாளர்கள் உஷ்ணத் தாக்குதலில் மாண்டார்கள். கீழே வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று தெரியவந்தது. பிற்காலத்தில் அங்கே புது ஆட்களை உடனே கீழே இறக்காமல், தரைக்கு மேலேயே சூடும் ஈரமும் நிறைந்த அறையில், தினமும் நான்கு மணி நேரம், பல நாட்கள் படி ஏறி இறங்க வைத்தார்கள். அந்தப் பழக்கம் முடிந்தவர்களையே சுரங்கத்துக்கு அனுப்பினார்கள்.

இன்றும் நிலைமை மாறவில்லை. வெயிலில் வேலை செய்து இறக்கிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முதல் நாளிலேயும், நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் முதல் வாரத்திலேயும் இறக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை கூறுகிறது. அந்நாட்டு நிபுணர்கள் சொல்லும் விதி இது: புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டலாம். கட்டிட வேலைக்கும் ரோடு வேலைக்கும் போகும் நம் ஆட்களுக்கு இந்த விதியை எத்தனை மேஸ்திரிகள் கடைப்பிடிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? தொடர்ந்து வெயிலில் உழைத்தால் நான்கைந்து நாட்களில் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. அதே வேலைக்கு இதயம் முன்போல் படபடவென்று அடிப்பதில்லை. அடுத்த சில நாட்களில் வியர்வை சீக்கிரமே சுரக்கிறது, அதிகமாகவும் சுரக்கிறது. ஆனால் அதில் உப்பு குறைந்துவிடுகிறது. பழக்கம் பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே வந்துவிடும். முழுதாக வர இரண்டு வாரம் ஆகும்.

இந்தச் சொத்து பேங்கில் போட்ட பணம் மாதிரி அப்படியே இருக்காது. வெயிலை விட்டு விலகினால் சில நாட்களிலேயே கரையத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். "நான் வாணியம்பாடியில் பிறந்து வளர்ந்தவன், எனக்கு வெயிலா!" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிறந்த ஊர் எதுவானாலும் பத்து மாதமாகப் பெங்களூரில் இருந்தால் அது பெங்களூர் உடம்புதான்.

பெங்களூரில் வெயிலை எங்கே தேடுவது?

தினமும் ஆபீசுக்கு சைக்கிளில் போகும் குமாஸ்தாவுக்கு ஒரு சங்கடம் உண்டு. காலை ஒன்பது மணிக்குப் போகிறார். மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறார். உச்சி வெயிலை அவர் பார்ப்பதே இல்லை. பல வருஷம் சைக்கிள் மிதித்தும் வெயில் பழக்கம் மட்டும் அவருக்குச் சேராது.

இரண்டாவது ஷிப்டுக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். மதியம் ஒரு மணிக்கு மேல் சைக்கிளில் வேலைக்குப் போவது அவர்களுக்குத் தினசரிப் பயிற்சி. மற்றவர்கள் புறப்படும் நாளுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எப்படியாவது நேரம் ஒதுக்க வேண்டும். மூன்று மணி வெயிலே போதும். முதல் நாள் இருபது நிமிடம், அதுவும் பாட்டு முணுமுணுக்கக்கூடிய வேகத்தில். ஒரு வாரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவரலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை. இடையில் ஒரு நாள் விட்டால் பரவாயில்லை. மூன்று நாள் விட்டால் நஷ்டம். ஐந்தரை மணிக்குத்தான் ஆபீசை விட்டு வெளியே வர முடியும் என்பவர்கள் பனியனுக்கு மேல் தடித்த முழுக்கைச் சட்டை ஒன்று போட்டுக்கொண்டு மிதிக்கலாம். முழுப் பலன் கிடைக்காது, ஓரளவு கிடைக்கும்.

வெயிலில் பழகும் இந்த நாட்களில் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கூட்டக்கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான். தூரப் பயிற்சியை அதற்கு முன்பே, மாசி பங்குனியிலேயே, காலை நேரத்தில் முடித்துவிட வேண்டும். இரவில் ஃபேனைப் போட்டு நன்றாகத் தூங்கலாம். பகலில் சம்பாதித்த பழக்கம் அதனால் போகாது. தூக்கம் கெட்டால்தான் மறுநாள் வெயில் தாங்காது.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தாலோ, முந்தின இரவு மது அருந்தியிருந்தாலோ அன்று வெயிலில் சைக்கிளைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சர்க்கரை வியாதிக்காரர்களும், இதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். உப்பு விஷயத்தில் மற்றவர்களுக்குச் சொல்வது அவர்களுக்குப் பொருந்தாது.

தண்ணீர் மட்டும் போதாது

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். வியர்வையில் நனைந்த துணியைக் களைந்துவிட்டுப் பார்க்க வேண்டும். குடித்த நீரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. வெயிலில் மிதித்தால் மணிக்கு ஒரு லிட்டர் போவது சாதாரணம். அறுபது கிலோ ஆள் ஒன்றேகால் கிலோ குறையும் அளவுக்கு விட்டுவிட்டால் களைப்பு காட்டத் தொடங்கும்.

அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொள்வதும் ஆபத்தே. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய், வலிப்பில் முடிந்த சம்பவங்கள் உண்டு. தாகம் சொல்லும்போது குடிப்பதே நல்ல வழி. மணிக்கு அரை லிட்டரில் இருந்து முக்கால் லிட்டர் வரை பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும்.

நம் வீட்டுச் சரக்கே இதற்கு உகந்தது. உப்புப் போட்ட மோர், பழைய சோற்று நீராகாரம், கேழ்வரகுக் கூழ் எல்லாம் நீரையும் உப்பையும் சேர்த்தே கொடுக்கின்றன. இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் வியர்வையில் போகும் சோடியம் உப்பு குறைவு. கூடவே உப்புக்கடலை கொஞ்சம் கொறிக்க வேண்டும். மருந்துக்கடையில் விற்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் பார்முலா என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவில் சாகக் கிடந்தவர்களை டாக்டர் திலீப் மகலனாபிஸ் காப்பாற்றியது இப்படிப்பட்ட கரைசலைக் கொண்டுதான். அவசரத்துக்கு, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூன் தலைதட்டியதாக இருக்க வேண்டும். உப்பைக் கூட்டக்கூடாது.

ஆம்பூர் பிரியாணி? கட்டாயம் உண்டு. ஆனால் மதியம் பன்னிரண்டு மணிக்கு அல்ல. அன்றைய சவாரி முடிந்த பிறகு!

புறப்படும் நாள்

இரண்டு நாள் பயணமாக வைத்துக்கொள்வதே நமது சிபாரிசு. விடியற்காலை மூன்று அல்லது நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கும், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையும் இல்லாமல் அந்த இருட்டில் நெடுஞ்சாலையில் ஏறவே கூடாது. பத்தரை மணிக்குள் கிருஷ்ணகிரி. அங்கே சாப்பிட்டு, நிழலில் படுத்து, நான்கு மணிக்கு மேல் எழுந்து மிதித்தால் இரவு வாணியம்பாடியில் தங்கலாம். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் பள்ளிகொண்டா போய், அங்கிருந்து குடியாத்தத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம்.

நிழல் என்றதும் பழைய ஞாபகத்தில் புளியமரத்தைத் தேடாதீர்கள். சாலை அகலமானபோது பெரும்பாலான மரங்கள் போய்விட்டன. பெட்ரோல் பங்க், பஸ் நிழற்குடை, கோவில் மண்டபம் என்று எங்கெங்கே ஒதுங்கலாம் என்பதை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். வெளிர் நிறத்தில், தளர்ந்த, முழுக்கைப் பருத்திச் சட்டை நல்லது. சட்டையையும் தலைத்துண்டையும் அவ்வப்போது தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வியர்வை செய்யும் வேலையில் பாதியை அது செய்துவிடும்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. "வெயிலில் டியூப் வெடித்துவிடும்" என்று காற்றைக் குறைத்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். இருபது டிகிரியில் இருந்து ஐம்பது டிகிரிக்குப் போனாலும் டியூபில் அழுத்தம் பத்தில் ஒரு பங்குதான் கூடும். நல்ல டயர் அதைத் தாங்கும். வெடிப்பது ஓரம் கிழிந்த டயர். கழன்றுகொள்வது சூட்டில் இளகிய பழைய ஒட்டு. நாலு ஒட்டுப் போட்ட டியூபைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது டியூபில் கிளம்புங்கள். இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சுடும். விட்டு விட்டுப் பிடிக்கவும்.

தனியாகப் போகக்கூடாது. இது வேடிக்கைக்குச் சொல்வது அல்ல. தலை சுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் வந்தால் அவருக்கே தெரியும். நிழலில் படுக்கவைத்துக் கரைசல் கொடுத்தால் தேறிவிடுவார். அன்றைக்கு அவர் சவாரி அதோடு முடிந்தது. அதற்கும் மேலே போய் உடம்பின் உள் உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால், தனக்கு ஆபத்து என்பதே அவருக்குத் தெரியாது! பேச்சு குழறும். சம்பந்தம் இல்லாமல் கோபப்படுவார். வண்டி கோணலாகப் போகும். கூட வருகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். "வியர்க்கிறதே, அதனால் ஒன்றும் இல்லை" என்று இருந்துவிடக்கூடாது. உழைப்பினால் வரும் உஷ்ணத் தாக்குதலில் வியர்வை ஓடிக்கொண்டே இருக்கலாம்.

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைவிட உடம்பைக் குளிரவைப்பதே முதல் வேலை. ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். மற்றவர்கள் சட்டையைக் கழற்றி, கிடைக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பெங்கும் ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியோ பம்பு செட்டோ இருந்தால், தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அதில் இறக்குவது எல்லாவற்றிலும் மேல். ஐஸ் கிடைத்தால் அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது. 2023 ஏப்ரல் 16-ந் தேதி நவிமும்பை கார்கரில் திறந்த மைதானத்தில் நடந்த அரசு விழாவில் வெயில் கொடுமையால் 14 பேர் இறந்தார்கள். அவர்கள் சைக்கிள் மிதிக்கவில்லை. விழா பார்க்க வந்தவர்கள்.

திருவிழா முடிந்து திரும்பும்போதும் சைக்கிளிலேயே வரலாமா என்று கேட்பார்கள். போகும்போது இறங்கிய எழுநூறு மீட்டரை வரும்போது ஏற வேண்டும். மேட்டில் வேகம் இருக்காது, வேகம் இல்லாவிட்டால் காற்றும் இருக்காது. சைக்கிளைக் காட்பாடி ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் முன்கூட்டியே பதிந்து அனுப்பிவிட்டு, நீங்கள் ரெயிலில் ஏறிப் பெங்களூர் வந்து சேருங்கள்.